முன்வரிசைக் கதிரை: ட்ரையன் ஊரும் நீனா சிமோனின் சிலையும்

அமெரிக்காவின் வடக்குக் கரோலைனா மாநிலத்தில், புளூ ரிட்ஜ் மலைகளின் அடிவாரத்தில், தெற்குக் கரோலைனாவின் எல்லையை ஒட்டினாற்போல ட்ரையன் எண்டொரு சின்ன ஊர் இருக்கு. 2010 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் அங்கே இருந்த மொத்தச் சனம் ஆயிரத்து அறுநூற்றுச் சொச்சம்தான். அந்த ஊரின் நடுத்தெருவிலே ஒரு பெரிய மரக்குதிரை நிற்கிறது. ஊரிலே ஒரு மர விளையாட்டுப்பொருள் பட்டறை இருந்தது. குதிரைப் பந்தயக் காட்சி ஒன்றுக்கு விளம்பரமாக 1928 இல் முதல் குதிரையைச் செய்தார்கள். அது பழுதாகிப் போகப் போக புதுசு புதுசாகச் செய்து அதே இடத்திலே நிறுத்திக்கொண்டே வந்தார்கள். ட்ரையன் என்றால் அந்தக் குதிரைதான் என்று ஆகிவிட்டது.

குதிரை வந்து ஐந்து வருசத்துக்குப் பிறகு, 1933 பெப்ரவரி 21 ஆம் திகதி, அதே ஊரில் மூன்று அறைகள் கொண்ட ஒரு மரவீட்டில் யூனிஸ் கத்லீன் வேமன் பிறந்தார். எட்டுப் பிள்ளைகளில் ஆறாவது. பின்னாளில் உலகம் அவரை நீனா சிமோன் என்று அறிந்தது. குதிரைக்கு உடனே கிடைத்த இடம் நீனாவுக்குக் கிடைக்க 77 வருசம் எடுத்தது. 2010 பெப்ரவரி 21, அவருடைய பிறந்தநாளன்று, அதே தெருவில் எட்டடி உயர வெண்கலச் சிலை ஒன்றைத் திறந்து வைத்தார்கள். அவர் இறந்து அப்போது ஏழு வருசம் ஆகப் போகிறது.

இதைப் பற்றி எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியதற்குக் காரணம் சிலை அல்ல, ஒரு கதிரை. சரியாகச் சொன்னால் இரண்டு கதிரைகள்.

யூனிஸின் அம்மா மேரி கேற் மெதடிஸ்ட் சபையில் போதகராக இருந்தவர். பிரசங்கம் செய்வார், வார நாட்களில் வெள்ளைக்காரர் வீடுகளில் வீட்டுவேலை செய்வார். அப்பா ஜோன் டிவைன் வேமன் கிடைத்த வேலையெல்லாம் செய்தவர். 1930களின் பொருளாதார வீழ்ச்சி அந்தக் குடும்பத்தையும் அடித்துப் போட்டிருந்தது. பிள்ளை மூன்று வயதிலேயே பியானோ வாசிக்கத் தொடங்கிவிட்டது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, தேவாலயத்தில் கேட்டதைக் கேட்டபடி வாசித்தது. மேரி கேற் வேலை செய்த வீட்டுக்காரியான மிஸிஸ் மில்லர் ஒரு நாள் அதைக் கேட்டார். இவ்வளவு திறமை வீணாய்ப் போகக்கூடாது என்று சொல்லி, முதல் ஒரு வருசப் பியானோ வகுப்புக்குத் தானே காசு கட்டினார். ஆசிரியை முரியல் மசனோவிச், இங்கிலாந்திலிருந்து வந்து ட்ரையனில் குடியேறிய வெள்ளைப் பெண்மணி. பிள்ளை அவரை மிஸ் மசி என்று கூப்பிட்டது. பாக் என்ற இசையமைப்பாளரை அறிமுகப்படுத்தியவர் அவர்தான். நீனா பின்னாளில் ஜாஸ் பாடகி என்று தன்னைக் கூப்பிடுவதை விரும்பவில்லை. கடைசி வரைக்கும் தன்னை ஒரு செவ்வியல் பியானோக் கலைஞராகத்தான் நினைத்தார். அந்த நினைப்பின் தொடக்கம் மிஸ் மசியின் வீடு.

வகுப்புக்குப் போக யூனிஸ் ரயில் பாதையைத் தாண்டி வெள்ளையர் பக்கத்துக்கு நடக்க வேண்டும். போகும் வழியில் பார்மசி ஒன்றில் சீஸ் சான்ட்விச் வாங்கலாம், ஆனால் உள்ளே இருந்து சாப்பிட முடியாது. வெளியிலே நின்றுதான் சாப்பிட வேண்டும். இதை அவர் 1990களின் தொடக்கத்தில் வெளிவந்த தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அதில் எனக்குப் பிடித்தது என்னவென்றால், ட்ரையனை அவர் ஒரு நரகமாக எழுதவில்லை. தெற்கின் மற்ற ஊர்களோடு ஒப்பிட்டால் அங்கே கறுப்பரும் வெள்ளையரும் ஓரளவு நெருக்கமாகத்தான் வாழ்ந்தார்கள் என்கிறார். கொலைகளும் எரிப்புகளும் நடந்த ஊர் அல்ல அது. நல்ல மனசுள்ள ஆட்கள் நிறைய இருந்த ஊர். ஆனாலும் சான்ட்விச்சை வெளியிலே நின்றுதான் சாப்பிட வேணும்.

மிஸிஸ் மில்லரின் காசு முடிந்தபிறகு மிஸ் மசி ஊருக்குள்ளே பணம் சேர்த்தார். 'யூனிஸ் வேமன் நிதி' என்றே அதற்குப் பெயர். கறுப்பரும் கொடுத்தார்கள், வெள்ளையரும் கொடுத்தார்கள். தேவாலயங்களில் சேர்த்தார்கள். அந்தக் காசிலேதான் வகுப்பு தொடர்ந்தது, பிறகு ஆஷ்வில் நகரிலிருந்த கறுப்பின மாணவிகளுக்கான விடுதிப் பள்ளிக்கு யூனிஸ் போனார். காசு கொடுத்த ஊருக்குப் பிள்ளை என்ன கற்றது என்று காட்ட வேண்டும் அல்லவா? அதனால் ட்ரையன் நூலகத்தில் ஒரு கச்சேரி ஒழுங்கானது. யூனிஸுக்கு அப்போது பதினொன்று, பன்னிரண்டு வயது.

அப்பாவும் அம்மாவும் நல்ல உடுப்பு உடுத்திக்கொண்டு வந்து முன்வரிசையில் இருந்தார்கள். வெள்ளைக்காரத் தம்பதி ஒன்று வந்தது. இவர்களை எழுப்பிப் பின்னுக்கு அனுப்பினார்கள். அவர்களும் ஒரு வார்த்தை பேசாமல் எழும்பிப் போனார்கள். பியானோவுக்கு முன்னால் இருந்த பிள்ளை இதைப் பார்த்தது. அம்மாவையும் அப்பாவையும் திரும்ப முன்னுக்குக் கொண்டுவந்து இருத்தாவிட்டால் வாசிக்க மாட்டேன் என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லிவிட்டது. திரும்பக் கொண்டுவந்து இருத்தினார்கள். சபையில் சிலர் சிரித்தார்களாம். பிள்ளை வாசித்தது.

விழாக்களில் முன்வரிசைக் கதிரை யாருக்கு, பின்வரிசை வாங்கு யாருக்கு என்று பார்த்துப் பார்த்து வளர்ந்த எவருக்கும் இந்தக் காட்சியை விளக்கத் தேவையில்லை. ஆனால் வரலாறு படிக்கிற ஆட்கள் இதில் ஒரு விசயத்தைக் கவனிக்க வேணும். அந்தப் பெற்றோரைப் பின்னுக்கு அனுப்பிய சபையும் பிள்ளைக்குப் பியானோ வகுப்புக்குக் காசு கொடுத்த சபையும் வேறு வேறு இல்லை. நன்கொடை கொடுத்த கைதான் கதிரையைக் காட்டிய கையும். உதவி பொய் இல்லை, உண்மையான உதவிதான். அது இல்லாவிட்டால் நீனா சிமோன் இல்லை. அவமானமும் பொய் இல்லை. இந்த இரண்டையும் ஒரே கணக்கிலே எப்படி எழுதுவது? நன்றி என்பது ஒரு கடன் என்றால் அந்தக் கடனைக் கட்டத் தவறினவர் யார்? கச்சேரிக்குப் பிறகு தன் தோலே உரிந்துபோனதுபோல உணர்ந்ததாகவும், அதுக்குப் பிறகு எல்லாவற்றையும் வேறு கண்ணால் பார்க்கத் தொடங்கியதாகவும் அவர் எழுதுகிறார். இந்தச் சம்பவத்துக்கு ஆதாரம் முக்கியமாக அவருடைய ஞாபகம்தான் என்பதையும் சொல்லிவைக்க வேண்டும். ஆனால் இப்படியான அவமானங்களை எந்த ஊரும் தன் கூட்டக் குறிப்புப் புத்தகத்தில் எழுதிவைப்பதில்லை. ஞாபகத்தை விட்டால் வேறு ஆவணம் எங்கே இருந்து வரும்?

மிச்சக் கதை பலருக்குத் தெரிந்தது, அதனால் வேகமாகப் போகிறேன். 1950 இல் பள்ளியை முதலாவதாக முடித்தார். ஊர் நிதி உதவியோடு அந்தக் கோடைகாலம் நியூயோர்க்கின் ஜூலியார்ட் பள்ளியில். அடுத்தது பிலடெல்பியாவின் கேர்ட்டிஸ் இசைக் கல்லூரி என்பது திட்டம். மகளுக்காகக் குடும்பமே பிலடெல்பியாவுக்கு இடம் மாறியது. கேர்ட்டிஸ் எடுக்கவில்லை. கறுப்பி என்பதால்தான் எடுக்கவில்லை என்று அவர் சாகும்வரை நம்பினார். போட்டி கடுமையாக இருந்தது, இனம் காரணமில்லை என்று அங்கே கற்பித்த விளாடிமிர் சொக்கலொவ் பின்னாளில் சொன்னார். அதே சொக்கலொவ்விடம் யூனிஸ் தனிப்பட்ட முறையில் படித்திருக்கிறார். அந்தக் கட்டணத்துக்குக் காசு தேடி 1954 இல் அத்திலாந்திக் சிற்றியில் ஒரு மதுக்கடையில் வாசிக்கப் போனார். பாடினால்தான் வேலை என்றார் முதலாளி. போதகரான அம்மாவுக்குத் தெரியக்கூடாது என்று பெயரை மாற்றினார். அப்படித்தான் யூனிஸ் வேமன் நீனா சிமோன் ஆனார்.

1963 யூனில் மெட்கார் எவர்ஸ் சுட்டுக் கொல்லப்பட்டார். செப்ரெம்பர் 15 இல் பேர்மிங்ஹாம் தேவாலயக் குண்டுவெடிப்பில் நான்கு சிறுமிகள் இறந்தார்கள். 'மிஸிஸிப்பி கொடாம்' அந்தக் கோபத்தில் பிறந்த பாட்டு. தெற்கின் சில வானொலிகள் அதைத் தடை செய்தன. அங்கேயுள்ள வியாபாரி ஒருவர் இசைத்தட்டுப் பெட்டியை ஒவ்வொரு தட்டாக இரண்டாக உடைத்துத் திருப்பி அனுப்பினாராம். 1970 இல் அமெரிக்காவை விட்டுப் போனார். பார்படோஸ், லைபீரியா, சுவிற்சர்லாந்து, நெதர்லாந்து, கடைசியில் பிரான்ஸ். 2003 ஏப்ரல் 21 இல் அங்கேதான் இறந்தார். இறப்பதற்கு இரண்டு நாளுக்கு முன்னர் கேர்ட்டிஸ் கல்லூரி அவருக்குக் கௌரவப் பட்டம் கொடுத்தது. இரண்டு நாள்! சாம்பலை அவருடைய விருப்பப்படி ஆபிரிக்க நாடுகள் சிலவற்றில் தூவினார்கள்.

இப்ப ட்ரையனுக்குத் திரும்புவோம். ஊரில் 'நீனா சிமோன் திட்டம்' என்று ஒன்றைத் தொடங்கி நடத்தியவர் க்றிஸ் ஆம்பிரஸ்ட். சிலை அதன் ஒரு பகுதி மட்டும்தான். இசை படிக்கும் இளையோருக்குப் புலமைப்பரிசில், இசைவிழா என்பனவும் திட்டத்தில் இருந்தன. புலமைப்பரிசில் என்பதைக் கவனியுங்கோ. 'யூனிஸ் வேமன் நிதி'யின் கதையை அறிந்தவர்களுக்கு அது என்ன என்று புரியும். ஊர் ஒரு காலத்தில் ஒரு கறுப்புப் பிள்ளைக்காகச் சில்லறை சேர்த்தது. அறுபது வருசத்துக்கு மேலான பிறகு அதே பிள்ளையின் பெயரில் திரும்பவும் காசு சேர்க்கத் தொடங்கியது.

சிற்பி ஸீனோஸ் ஃப்ருடாக்கிஸ். கேர்ட்டிஸ் இருக்கிற அதே பிலடெல்பியாவில் சுவரிலிருந்து பிய்த்துக்கொண்டு வெளியே வரும் மனிதனைக் காட்டும் 'சுதந்திரம்' என்ற சிற்பத்தைச் செய்தவர். ட்ரையனில் அவர் செய்த நீனா இருந்துகொண்டு வாசிக்கிறார். முன்னாலே பியானோ இல்லை. விசைப்பலகை மட்டும் அலைபோல வளைந்து காற்றிலே நிற்கிறது. சிலையின் நெஞ்சுக்குள்ளே வெண்கலத்தில் ஒரு இதயம் செய்து ஒட்டவைத்திருக்கிறார்கள். அந்த இதயத்துக்குள்ளே நீனாவின் சாம்பலில் ஒரு பகுதி இருக்கிறது. கொடுத்தவர் மகள் லீசா. ஆக, அது வெறும் சிலையும் இல்லை, ஒரு கல்லறையும்தான். ஊரை விட்டு, நாட்டையே விட்டுப் போன ஒருத்தியின் உடம்பில் கொஞ்சம் ஊருக்குத் திரும்பி வந்திருக்கிறது. அவர் இதைக் கேட்டிருந்தால் சம்மதித்திருப்பாரா என்பது வேறு கதை.

லீசாவைப் பற்றி ஒரு வார்த்தை. 2015 இல் லிஸ் கார்பஸ் இயக்கி நெற்ஃபிளிக்ஸில் வந்த 'வட் ஹப்பண்ட், மிஸ் சிமோன்?' என்ற ஆவணப்படத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நீனாவைக் கணவர் அடித்தார். பிறகு நீனா மகளை அடித்தார். மனநோய் அவரை வருசக்கணக்காக உலுக்கியது. இதையெல்லாம் மகளே கமராவுக்கு முன்னால் சொல்கிறார். அப்படி அடிவாங்கின மகள்தான் அம்மாவின் சாம்பலைச் சிலைக்காகக் கொடுத்தவரும். போராளிக் கலைஞர்களைப் பற்றிப் பேசும்போது நாங்கள் வழமையாகச் செய்கிற வேலை, அவர்களைக் கழுவித் துடைத்து மேடையில் ஏற்றுவது. வெண்கலமும் அதைத்தான் செய்யும், அதன் இயல்பு அது. அதனால் சிலையை மட்டும் பார்த்துவிட்டு வருகிறவருக்கு பாதி ஆள்தான் கிடைப்பார்.

நட்சத்திரங்களுக்கு ஊர்ச்சிலை என்றால் வழமையாக வருகிற சண்டை முகச்சாயல் பற்றியது. நியூயோர்க் மாநிலத்தின் செலரோன் கிராமத்தில் நகைச்சுவை நடிகை லூசில் போலுக்கு 2009 இல் வைத்த சிலை பயங்கரமாக இருக்கிறது என்று சனம் அதற்கு 'பேய் லூசி' என்ற அர்த்தத்தில் பட்டப்பெயர் வைத்தது. 2016 இல் வேறொரு சிற்பியைக் கொண்டு புதுசு வைத்தார்கள். ஜமெய்க்காவில் பொப் மார்லிக்கு அரசு முதலில் செய்வித்த சிலையை உருவாக்கியவர் கிறிஸ்ரோபர் கொன்ஸாலஸ். மண்ணிலிருந்து வேரும் தண்டுமாக வளரும் மரம்போல மார்லி. இது எங்கட பொப் இல்லை என்று சனம் கொதித்ததில் அதை அகற்றி, கையில் கிற்றாரோடு வழமையான மார்லி ஒருவரை அல்வின் மரியட் செய்து கொடுத்தார். எனக்கு என்னவோ முதல் மார்லிதான் பிடிக்கும், அதை விடுவோம். மரமார்லி பல வருசத்துக்குப் பிறகு ஓச்சோ ரியோஸில் போய் நின்றது. அது மார்லி பிறந்த சென் ஆன் மாவட்டம்தான். கலைநயம் பற்றிய சண்டை என்று இவற்றைச் சொல்லலாம். அந்த ஆளை யாருக்குச் சொந்தம் என்கிற சண்டையும் அதற்குள்ளே இருக்கிறது.

ட்ரையனில் கேள்வி வேறு. எந்த மண்ணில் இந்தச் சிலை நிற்கிறது என்பதைப் பார்த்தால்தான் அது விளங்கும். வடக்குக் கரோலைனா முழுக்க, நீதிமன்ற வாசல்களிலும் சந்திகளிலும், உள்நாட்டுப் போரில் அடிமை முறையைக் காக்கச் சண்டை பிடித்த கூட்டமைப்புப் படைவீரருக்கு வைத்த சிலைகள் நின்றன. சப்பல் ஹில் பல்கலைக்கழக வளாகத்தில் நின்ற 'மௌன சாம்' அதிலே பெயர்போனது. அதை 1913 இல் திறந்துவைத்தபோது பேசிய ஜூலியன் கார் என்ற தொழிலதிபர், போர் முடிந்து வந்த கையோடு அந்த வளாகத்துக்குப் பக்கத்திலே ஒரு கறுப்புப் பெண்ணைத் தான் குதிரைச் சவுக்கால் அடித்ததைப் பெருமையாகச் சொன்னார். மேடையில், பட்டப்பகலில், கைதட்டலுக்காக. நூறு வருசத்துக்கு மேலாக அந்தச் சிலைக்குக் கீழாலே மாணவர்கள் வகுப்புக்குப் போய் வந்தார்கள். 2015 இல் மாநிலச் சட்டசபை இப்படியான நினைவுச்சின்னங்களை உள்ளூராட்சி அமைப்புகள் தங்கள் பாட்டில் அகற்ற முடியாதபடி சட்டம் கொண்டுவந்தது. 2018 ஓகஸ்ட் 20 இரவு, போராட்டக்காரர்கள் கயிறு கட்டி மௌன சாமை விழுத்தினார்கள்.

அந்த மாநிலத்திலே, மௌன சாம் விழுவதற்கு எட்டு வருசத்துக்கு முதலே, ஒரு சின்ன ஊர் ஒரு கறுப்புப் பெண்ணைப் பிரதான தெருவில் இருத்தியது. அவளும் சாதுவான ஒருத்தி இல்லை. தெற்கு மாநிலங்களைப் பெயர் சொல்லித் திட்டிப் பாடியவள். அகிம்சையில் தனக்கு நம்பிக்கையில்லை என்று மார்ட்டின் லூதர் கிங்கிடம் நேரிலேயே சொன்னவள். இது சின்ன விசயம் இல்லை என்றுதான் நான் நினைக்கிறேன். உல்லாசப் பயணிகளை இழுக்கத்தானே செய்கிறார்கள் என்று யாரும் சொல்லலாம். அதுவும் உண்மையாக இருக்கலாம். மரக்குதிரையும் விளம்பரத்துக்கு வந்ததுதானே. ஆனால் தங்கள் ஊரின் பெயரைக் கேட்டவுடன் நூலகத்துக் கதிரைக் கதையும் சேர்ந்தே ஞாபகம் வரும் என்று தெரிந்துகொண்டு ஒரு ஊர் அந்தச் சிலையை வைப்பது, விளம்பரக் கணக்குக்குள் முழுசாக அடங்காது.

சிலையால் முடியாத வேலை ஒன்று மிச்சமிருந்தது. அவர் பிறந்த வீடு. அது உக்கிப்போய்க் கிடந்தது. சிலை வந்து ஆறு வருசத்துக்குப் பிறகு, 2016 இல், அந்த வீடு விற்பனைக்கு வந்தது. வாங்குகிறவர் இடித்துத் தள்ளினாலும் கேட்க ஆளில்லை. 2017 இல் அடம் பென்டில்டன், ரஷீட் ஜோன்சன், எலன் கலகர், ஜூலி மெரெட்டு என்ற நான்கு கறுப்பின ஓவியர்கள் சேர்ந்து 95,000 டொலருக்கு அதை வாங்கினார்கள். நால்வரில் ஒருவருக்கும் ட்ரையன் சொந்த ஊர் இல்லை. அடுத்த வருசம் அமெரிக்காவின் வரலாற்றுப் பாதுகாப்புக்கான தேசிய அறக்கட்டளை அதைத் 'தேசியப் பொக்கிஷம்' என்று அறிவித்தது. 2023 இல் ரெனிஸ் வீராங்கனை வீனஸ் வில்லியம்ஸும் பென்டில்டனும் முன்னின்று நடத்திய ஓவிய ஏலத்திலும் விருந்திலும் கிட்டத்தட்ட 60 இலட்சம் டொலர் சேர்ந்தது.

எட்டுப் பிள்ளைகளைப் பெற்ற ஒரு குடும்பம் இருந்த வீடு அது. மொத்தப் பரப்பு 660 சதுர அடி. மிஸ் மசியிடம் போக ரயில் பாதையைத் தாண்டி யூனிஸ் நடந்த தூரம் அதைவிடக் கனக்க.